முதுகுக்குப் பின்னால் இருக்கும் டிரம்

வெள்ளி, அக். 31

தம்மாம், சவூதி. காலையில் ஏசி போடாமல் உட்கார முடிந்தது. குளிர் எட்டிப் பார்க்கிறது.

இன்றைய வேலை: முழங்காலுக்குத் தைலம். ஊரில் மனைவி ஹமீதாவுக்குப் போன். சட்டை இஸ்திரி. சாயங்காலம் கோபாரில் பிராக்டிஸ்.

தைலம் வாங்க மறந்தாயிற்று.

பிராக்டிஸ் வழக்கம்போல ஸ்கூல் ஹாலில். லிஸா டீச்சர் எல்லாரையும் உட்கார வைத்தார். மணிலாக்காரர், அந்த ஸ்கூலில் மியூசிக் டீச்சர். எண்ணெய் டிரம்மை வெட்டிச் செய்த வாத்தியங்கள் வாசிக்கும் எங்கள் ஸ்டீல் பாண்டு கலைந்துபோயிருந்தது; அதைப் புது ஆட்களை வைத்து மறுபடி கூட்டியது அவர்தான். துபாய் போட்டியில் நமக்கு இடம் கிடைத்துவிட்டது என்றார். கைதட்டல். நாலு பாண்டு, ஆளுக்கு ஒரு பாட்டு. நாம் வாசிக்கப்போவது 'மழை'.

அந்தப் பெயரைக் கேட்டதும் இருமிவிட்டு ஏசியைக் குறை சொன்னேன்.

'மழை' வின்ஸ்டன் பாயின் பாட்டு. மெட்டுக் கட்டியதும் அவர், யார் எங்கே என்ன அடிக்க வேண்டும் என்று பிரித்துக் கொடுத்ததும் அவர். பழைய பாண்டில் இன்று இந்த ஊரில் மிச்சம் நான் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாரும் ஃபைனல் எக்ஸிட், ஊருக்கே போய்விட்டார்கள். வி.பாயும் ரிட்டயராகித் தன் நாடான டிரினிடாடுக்கே போனார். போன நோன்பு மாதத்தில் அங்கே காலமாகிவிட்டார் என்று செய்தி வந்தது.

சிக்கல் என்னவென்றால், அவர் எதையும் எழுதி வைக்கிற ஆள் இல்லை. ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நிற்பார். வாயால் பாடுவார், குச்சியால் தட்டிக் காட்டுவார், அடுத்தவரிடம் போய்விடுவார். அவனவனுக்கு அவனவன் பங்குதான் தெரியும். மெட்டு அடிக்கும் டெனர், பழைய வீடியோ ஒன்றில் காற்று இரைச்சலோடு கேட்கிறது. அடியில் முழங்கும் பாஸ் என் கையில் இருக்கிறது. நடுவில் வரும் செகண்ட் எங்கேயும் இல்லை. அதை அடித்தது பழைய பாண்டில் இருந்த முருகேசன்.

லிஸா: "பாய், நடுவை நானே எழுதிடலாம். கஷ்டமில்லை. ஆனா அப்புறம் அரேஞ்சர்னு அவர் பேரை மட்டும் போட முடியாது, என் பேரும் வரும். பதினஞ்சாம் தேதிக்குள்ள பேர் கொடுக்கணும்."

நியாயமான பேச்சு. நியாயமாக இருப்பதுதான் எரிச்சல்.

ஹமீதா போனில்: "இந்த வயசுல தகரம் தட்டுறதுக்கு துபாய் வரைக்கும் போகணுமாக்கும்?"

போகணும் என்றேன். அரேஞ்சர் என்றால் பாட்டை ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுப்பவர் என்று அவளுக்கு விளக்கினேன். போட்டியில் ஜட்ஜுகள் பார்ப்பது அவர் மூளையைத்தான், எங்கள் கையை இல்லை என்றேன். வி.பாய் பெயர் அந்த மேடையில் தனியாக வரவேண்டும், பக்கத்தில் இன்னொரு பெயர் கூடாது என்றேன்.

"முட்டிக்குத் தைலம் வாங்குனீங்களா?"

வாங்கினேன் என்றேன்.

ஞாயிறு, நவ. 2

என் டிரம் கடையில் லோடு. இன்ஜினுக்கு ஊற்றும் லூப் ஆயிலின் காலி டிரம்கள். இறக்கி முடிப்பதற்குள் சட்டை போய்விட்டது. மதியம் மீன் குழம்பு, உப்பு இல்லை.

டிரம்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டால் வி.பாய் ஞாபகம்தான். முதல்முறை இதே வாசலில்தான் வந்து நின்றார். ஜுபைல் பிளாண்டில் இன்ஸ்பெக்டர், கையில் ஹெல்மெட். வரிசையாக ஒவ்வொரு டிரம்மாக விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார் போல என்று நினைத்தேன். "நல்ல டிரம்தான் பாய், ஒழுகாது" என்றேன். தன்னுடைய அரைகுறை இந்தியில், ஒழுகினால் பரவாயில்லை, பாடுகிறதா என்றுதான் பார்க்கிறேன் என்றார். வெயிலில் ஆளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று ஒரு பெப்சி வாங்கிக் கொடுத்தேன்.

பெப்சியைக் குடித்துவிட்டு டிரம்களைக் கொண்டுபோனார். அடுத்த மாதம் வந்து என்னையும் கொண்டுபோனார். டிரம் வியாபாரிக்கு டிரம்களுக்கு நடுவில் நிற்கத் தெரியும், நீதான் பாஸ் என்றார். மறுத்துப் பேச இடம் கொடுக்கவில்லை. பாஸ் என்றால் முழு டிரம், அடிப்பக்கம் வெட்டி எடுத்தது. மொத்தம் ஆறு. முன்னால் மூன்று, பக்கத்துக்கு ஒன்று, முதுகுக்குப் பின்னால் ஒன்று.

அந்த வெள்ளிக்கிழமைகள். ஜும்மா முடிந்து, ஒரு தூக்கம் போட்டு, ஜுபைலுக்கு வண்டி. அப்போதெல்லாம் வெளியே பாட்டுக்குத் தடை, வி.பாய் குடியிருந்த காம்பவுண்டுச் சுவருக்குள்தான் வாசிப்பு, கேட்டுக்கு வெளியே மூச்சு விடக்கூடாது. கேம்ப் பஸ்ஸில் முருகேசன் வந்து இறங்குவான். சாரம் கட்டும் வேலை. நம் முதுகுளத்தூர்ப் பக்கம், அதனால் வந்த அன்றே என்னோடு ஒட்டிக்கொண்டான். வி.பாயின் வீட்டம்மா ரொட்டிக்குள் கடலைக் கறி வைத்துச் சுருட்டிக் கொடுப்பார். அந்த அம்மாவின் பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன குடும்பமாம். கறியில் நம் மசாலா வாசம் வரும், ஆனால் ஏதோ ஒன்று மாறியிருக்கும். என்ன என்று கடைசி வரை கண்டுபிடிக்கவில்லை.

ஒரு வெள்ளி மழை கொட்டியது. ஜுபைலில் அப்படி ஒரு மழையை அதற்கு முன் பார்த்ததில்லை. ரோடு நிறையத் தண்ணீர், கரண்ட் போய்விட்டது, வீடு திரும்ப வழியில்லை. வி.பாய் ஜன்னலோரம் உட்கார்ந்து டெனரில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். அதுதான் 'மழை'. அதில் என் முதுகுக்குப் பின்னால் இருக்கும் டிரம்தான் இடி.

அந்த இடிக்காகவே ஆட்கள் வந்து என் கையைக் குலுக்கியிருக்கிறார்கள். நானும் பெருமையாகத்தான் கை கொடுத்தேன்.

செவ்வாய், நவ. 4

இங்கே தங்குவதற்கான இக்காமா அட்டையைப் புதுப்பிக்க போட்டோ எடுத்தேன். கண்ணாடியில் பார்க்கும் ஆளுக்கும் இந்த போட்டோவில் இருப்பவருக்கும் சம்பந்தமில்லை.

முருகேசனின் பழைய நம்பர் வேலை செய்யவில்லை. கேம்ப் ஆட்கள் குரூப்பில் கேட்டேன். ஒருவர் "நல்ல மனுசன்" என்று போட்டார். இன்னொருவர் கைகூப்பும் படம் போட்டார். இறந்துவிட்டானோ என்று பதறிப்போய் விசாரித்தால், எனக்குக் காலை வணக்கம் சொன்னாராம்.

கடைசியில் ஆளைப் பிடித்தது ஹமீதா. அவள் தம்பிக்கு முதுகுளத்தூரில் ஜவுளிக்கடை. நம் ஆள் தீபாவளிக்கு அங்கேதான் துணி எடுத்திருக்கிறான். "தகரக் கூட்டாளி கிடைச்சாச்சு" என்று நம்பர் அனுப்பினாள்.

உடனே அடித்தேன். மகள் செல்வி எடுத்தாள். நான் இன்னார் என்றதும், "டிரம்மு மாமாவா?" என்றாள். அந்தப் பெயர் அந்த வீட்டில் ஓடுகிறது என்பது இன்றுதான் தெரியும். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பாக்குக் காது கேக்காது மாமா. ரெண்டு காதும். மிஷின் வாங்கிக் குடுத்தோம், இரைச்சலா இருக்குன்னு டப்பாவுலயே போட்டு வச்சிருக்காக."

வீடியோவில் காட்டினாள். தலை முழுக்க நரைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும், "பாய்! எப்புடி இருக்கீக! முட்டி வலி எப்புடி!" என்று தெருவே கேட்கும்படி கத்தினான். நானும் கத்தினேன், ஒரு பிரயோசனமும் இல்லாமல். பிறகு இரண்டு பேரும் கையை ஆட்டிக்கொண்டிருந்தோம்.

வைத்த பிறகு கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அந்த மெட்டு அவன் காதில் இல்லை. பாடிக்காட்டச் சொல்ல முடியாது. ஸ்வரத்தின் பெயர் ஒன்றும் அவனுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இடம்தான். இங்கே ஒன்று, அங்கே ரெண்டு, ஓரத்தில் ஒன்று.

வெள்ளி, நவ. 7

ஜும்மாவில் உட்கார்ந்திருக்கும்போது தோன்றியது. இடம் தெரிந்தால் போதாதா?

செல்விக்கு வாய்ஸ் போட்டேன். அப்பாவை எதன் மேலாவது அடித்துக் காட்டச் சொல், நீ மேலிருந்து வீடியோ எடு.

பிராக்டிஸில் லிஸாவிடம் சொன்னேன். நல்ல யோசனை, ஆனால் நம்மிடம் இருப்பது கம்பெனியில் செய்து வந்த செகண்ட் ஜோடி, அதில் இடங்கள் வேறு மாதிரி இருக்குமே என்றார். உண்மைதான். வி.பாய் தன் கையால் அடித்துச் செய்தவர். எந்தச் சத்தம் எந்த இடத்தில் என்று தனக்குத் தோன்றியபடி வைத்தார். அவருடைய டிரம்மில் பழகியவன் கை வேறு டிரம்மில் போய்த் தட்டினால் வேறு பாட்டுத்தான் வரும்.

"அந்தப் பழைய செகண்ட் ஜோடி எங்கே இருக்கும்?" என்றார் லிஸா.

சிரித்துவிட்டேன். என் கடைப் பரணில்தான். காம்பவுண்டைக் காலி செய்தபோது விட மனசில்லாமல் எடுத்துவந்தேன். டிரம் மூடிகளைப் போட்டு வைக்கத் தோதாக இருந்தது. இன்னும் அதில்தான் மூடிகள் கிடக்கின்றன.

நேராகக் கடைக்கு வந்து இறக்கினேன். மூடிகளைக் கொட்டினேன், தூசி தும்மல், முழங்கால் முனகல். துடைத்துப் பார்த்தால் துரு ஏறியிருக்கிறது, சத்தம் இறங்கியிருக்கிறது. ஆனால் இடம் பிரிக்க வி.பாய் போட்ட கோடுகள் அப்படியே. தட்டினால் ஜலதோஷம் பிடித்த குரல் மாதிரி வருகிறது. வரத்தான் செய்கிறது.

ஞாயிறு, நவ. 9

செல்வி வீடியோ அனுப்பினாள். கெட்டிக்காரி.

இரண்டு பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறாள். அதன் மேல் தன் ஸ்டிக்கர் பொட்டுகள். அப்பா கை எங்கெங்கே போகிறதோ அங்கெல்லாம் ஒட்டிவிட்டாளாம். அவர் ஒவ்வொன்றாக நகர்த்தி, இதுவல்ல, இன்னும் ஓரம், என்று திருத்தினாராம். சிவப்புப் பொட்டு முடிந்து போய் பச்சையும் கலந்திருக்கிறது.

முருகேசன் சம்மணம் போட்டு உட்காருகிறான். கையில் இரண்டு பென்சில், நுனியில் ரப்பர் பேண்ட் சுற்றியது. கண்ணை மூடுகிறான். டப் டப் டப் என்று பிளாஸ்டிக் சத்தம், பின்னால் ஒரு கோழி. பாட்டு மருந்துக்குக்கூட இல்லை. ஆனால் கை போகிற போக்கைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அதே தோள் குலுக்கல். அதே இடத்தில் நாக்கைக் கடிக்கிறான்.

மூன்று தடவை பார்த்தேன். ஹமீதாவுக்கும் அனுப்பினேன். "பாவம் அந்தப் புள்ள, பொட்டெல்லாம் போச்சு" என்று எழுதினாள். பிறகு தனியாக: "நல்லா அடிக்கிறாரு."

புதன், நவ. 12

மழை வரும்போல் இருந்தது, வரவில்லை.

லிஸா ஸ்கூல் முடிந்து நேரே கடைக்கு வந்தார். டிரம் கடையில் ஒரு டீச்சரம்மா உட்கார இடமில்லாமல் லூப் டிரம் மேல் அட்டை போட்டு உட்கார்ந்தார். சுலைமானி டீ கொடுத்தேன்.

வேலை இப்படி: நான் போனில் முருகேசனின் கையை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது. பரண் டிரம்மில் அதே இடத்தைத் தட்டுவது. லிஸா காதைச் சாய்த்துக் கேட்டு, இது இறங்கிப்போன இன்னது என்று கண்டுபிடித்து எழுதுவது. முதலில் சண்டைதான். நான் தட்டுவது பொட்டின் மேலா பொட்டுக்குப் பக்கத்திலா என்று. அப்புறம் பழகிவிட்டது.

எழுதியதை அவர் முதல்முறை சேர்த்து வாசித்தபோது லாரி டிரைவர்கூட எட்டிப் பார்த்தார். மழை பெய்கிற மாதிரியே இருந்தது. மெட்டு மேலே போகும்போது நடு கீழே இறங்கி, அது இறங்கும்போது இது ஏறி. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றும் முருகேசன் என்ன அடித்தான் என்று நான் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. என் டிரம்களை எண்ணிக்கொண்டே காலம் போய்விட்டது.

ஒரே ஒரு இடம் இடிக்கிறது. இடி வருவதற்குச் சற்று முன்னால் முருகேசன் இரண்டு கையையும் தூக்கி, அப்படியே நிறுத்திவிடுகிறான். ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு தொடர்கிறான். பழைய வீடியோவில் அந்த இடத்தில் காற்று இரைச்சல்தான் கேட்கிறது; மறந்துவிட்டான் என்றார் லிஸா. அந்த இடத்தில் இரண்டு அடி போட்டு நிரப்பிவிடலாம், அவ்வளவுதானே, பெயரெல்லாம் மாற்ற வேண்டாம், வின்ஸ்டன் பெயர் மட்டுமே இருக்கட்டும் என்றார்.

பெருந்தன்மைதான். சரி என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் முருகேசன் மறந்த மாதிரித் தெரியவில்லை. மறந்தவன் முகம் சுருங்கும். அவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

செல்வியிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். சிலேட்டில் எழுதிக் காட்டுவாளாம்.

வெள்ளி, நவ. 14

பதில் வந்தது. எழுதவே ஒரு மாதிரி இருக்கிறது.

முருகேசனே வாய்ஸில் பேசியிருக்கிறான், தன் குரல் தனக்குக் கேட்காத ஆட்கள் பேசுகிற மாதிரி உரக்க.

"பாய், அது மறதி இல்ல. அங்கன அடிக்கக் கூடாது. நீங்க அந்தப் பின்னாடி டிரம்முக்குத் திரும்பணும்ல, உங்களுக்கு நேரமாகும். எப்பவுமே லேட்டாத்தான் வருவீக. வின்ஸ்டன் பாய் ஒருநா என்னையத் தனியாக் கூப்புட்டு, முருகேஷ், அங்கன ரோக்கோ, நிறுத்து, பாய் திரும்பட்டும்னாக. டெனர் ஆளுககிட்டயும் சொல்லிப்புட்டாக. எல்லாரும் கையத் தூக்கிக்கிட்டு நிப்போம். நீங்க திரும்பி ஒரு இடி இடிச்சதும் சேந்துக்குவோம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தாக. இப்ப அவுக இல்ல. சொல்லலாம்ல?"

முதலில் சிரித்தேன். பிறகு காது சூடானது. ஊரே வந்து கை குலுக்கியது என் இடிக்கு இல்லை, அதற்கு முன்னால் இருந்த அந்த அமைதிக்கு. அந்த அமைதி என் கனத்த உடம்புக்காக அவர் ஒதுக்கிய இடம். திரும்பும்போது எனக்கு எதுவும் காதில் விழாது, பயம் ஒன்றுதான் இருக்கும். அதனால் மற்றவர்கள் நிறுத்தியதே தெரியவில்லை.

ஒருநாள்கூட என்னைச் சீக்கிரம் திரும்பு என்று அவர் சொன்னதில்லை. இப்போதுதான் அது உறைக்கிறது. எல்லாரையும் திட்டியிருக்கிறார். குச்சியை எறிந்திருக்கிறார். என்னிடம் மட்டும் "அச்சா பாய், பஹுத் அச்சா" என்பார். நான் நன்றாக அடிக்கிறேன் என்றே இருந்துவிட்டேன்.

ரொம்ப நேரம் அவரிடம் மனதுக்குள் பேசினேன். என்ன பேசினேன் என்று எழுத முடியாது.

தைலம் வாங்கினேன்.

சனி, நவ. 15

ரோஷம் விடவில்லை. பிராக்டிஸுக்கு முன்னதாகப் போய்த் திரும்பித் திரும்பிப் பழகினேன். இடது காலை முதலில் நகர்த்தினால் சீக்கிரம் திரும்ப முடிகிறது. இத்தனை வருஷத்தில் இதைக் கண்டுபிடிக்கவில்லை பாருங்கள்.

எல்லாரும் வந்ததும் வாசித்தோம். அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லியிருந்தேன், காரணம் சொல்லவில்லை; நிறுத்தினார்கள். நான் டக்கென்று திரும்பி, கணக்குப்படி சரியான நேரத்தில் இடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் லிஸா உதட்டைப் பிதுக்குகிறார்.

"பாய், சரியா வந்துட்டீங்க. அதான் சரியில்ல."

இன்னொரு தடவை. இன்னும் மோசம். மின்னல் வெட்டியதுமே இடி விழுந்துவிட்டால் அதில் என்ன இருக்கிறது? முருகேசன் சொன்னதை லிஸாவிடம் அப்போதுதான் சொன்னேன். அவர் தன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதுபோல் வெளியே போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "முன்னாடி எப்படித் திரும்புவீங்களோ அப்படியே திரும்புங்க. அந்த இடத்துல எதையும் நிரப்ப வேண்டாம்" என்றார்.

பெயர் கொடுத்தாயிற்று. அரேஞ்சர்: வின்ஸ்டன். தனியாக.

வியாழன், நவ. 20

கட்டியவை: டிரம்கள் பிக்கப்பில், போர்வை சுற்றி. குச்சி இரண்டு ஜோடி. சிவப்புச் சட்டை. தைலம். பேரீச்சை. பாஸ்போர்ட் (இருமுறை பார்த்தேன்).

அமீரக பார்டர் வரை நாங்கள் பஸ்ஸில், பிக்கப் பின்னால். கஸ்டம்ஸ் ஆள் பிக்கப்பைச் சுற்றி வந்து, "பெட்ரோல்?" என்றார். மாஃபி, இல்லை என்றேன். நம்பவில்லை. ஒரு பாஸ் டிரம்மின் வெட்டிய பக்கம் கையை விட்டார், உள்ளே காற்றுத்தான். குனிந்து அதற்குள் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். குச்சியைக் கொடுத்தேன். ஒரு தட்டு தட்டினார், இன்னொன்று தட்டினார், பின்னால் வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். "யல்லா, யல்லா" என்று சிரித்துக்கொண்டே விட்டார்.

வி.பாயும் ஒன்று இரண்டு எண்ண மாட்டார். பாட்டைத் தொடங்க "யல்லா". நிறுத்த "கலாஸ்". அவருக்குத் தெரிந்த அரபி அவ்வளவுதான்.

சனி, நவ. 22

துபாய். வெயில் இதமாக இருந்தது. மேடை ஒரு ஹோட்டல் புல்வெளியில். எங்களுக்கு முன்னால் வாசித்தவர்கள் எல்லாரும் சின்னவர்கள், அடித்துத் தூள் பண்ணினார்கள். நான் முழங்காலுக்கு இன்னொரு தரம் தைலம் தேய்த்தேன்.

எங்கள் முறை. அறிவிப்பாளர் பாண்டு பெயர், பாட்டின் பெயர், பிறகு அரேஞ்சர் என்று சொல்லி அவர் பெயரைச் சொன்னார். அந்த ஒரு பெயர்தான். அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை. அது போதும் எனக்கு, அதற்கு மேல் எது வந்தாலும் லாபம் என்று நினைத்துக்கொண்டேன்.

லிஸா "யல்லா" என்றார். அவர் வழக்கமாக எண்ணித்தான் தொடங்குவார்.

இடி வரும் இடம். கைகள் எல்லாம் மேலே போயின. இந்தத் தடவை எனக்குக் கேட்டது. புல்வெளி முழுக்கச் சத்தமில்லை, எங்கேயோ ஒரு குழந்தை மட்டும் இருமியது. எல்லாரும் எனக்காக நிற்கிறார்கள். இடது காலை நகர்த்தவில்லை. பழையபடியே, உடம்பை முழுதாகச் சுமந்துகொண்டு, மெதுவாகத் திரும்பினேன்.

மூன்றாம் இடம். ஒரு ஜட்ஜ் வந்து, அந்த நிறுத்தத்தை யார் யோசித்தது என்று கேட்டார். வின்ஸ்டன் என்றேன். எப்படி யோசித்தார் என்று கேட்கவில்லை, நல்லவேளை.

ரூமுக்கு வந்ததும் வீடியோவை முருகேசனுக்கு அனுப்பினேன். காது கேட்காதவனுக்குப் பாட்டு அனுப்புகிறேனே என்று அனுப்பிய பிறகுதான் உறைத்தது. செல்வி வாய்ஸ் போட்டாள்:

"அப்பா ரெண்டு தரம் பாத்துட்டாக மாமா. ஒரே சிரிப்பு. பாய் இன்னும் லேட்டுத்தான், கரெக்டா இருக்குன்னு சொல்லச் சொன்னாக."